இடது கையால் கொடுத்த படம்

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முகமல்ல, முழங்கைகள். மரப்பெட்டி ஒன்றின் பின்பக்கம் தைத்திருந்த இரண்டு கறுப்புத் துணிக்குழாய்களுக்குள் இரு கைகளையும் முழங்கைவரை விட்டிருப்பாள். கண்கள் மட்டும் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மேல் இருக்கும். உள்ளே கைகள் என்ன செய்கின்றன என்பது வெளியே யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டு விசேஷங்களில் இப்போதும் யாராவது, "ஸ்டுடியோவ அண்ணன் தூக்கி நிறுத்துனான்" என்று பெருமையாகச் சொல்வதுண்டு. சொல்பவர்கள் சொல்லட்டும். நான் அங்கே இருந்தேன். இதை எழுதுவதால் சொந்தத்தில் யாருக்காவது முகம் கோணினால் தாராளமாகக் கோணட்டும்.

அண்ணிக்கும் அவள் நாத்தனாரான எனக்கும் ஒரே வயது. அப்பா காதில் விழும்படி 'வாங்க, போங்க' என்பேன், கடைக்குள் 'வா, போ' தான். அவள் செந்துறைப் பக்கத்துப் பெண், தையல் தெரிந்தவள். அண்ணன் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்தான். தொண்ணூற்றாறில் வளைகுடாவுக்குப் போகும் ஆசை வந்து, நல்ல கேமராவை விற்றுவிட்டு விமானம் ஏறினான். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் கடை பூட்டியே கெடக்கட்டும்" என்று சொல்லி ஒரு சாவியை அண்ணியிடமும், கீழ்த்தளத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னிடம் இன்னொன்றையும் கொடுத்தான். பூட்டு எட்டு நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் அண்ணி மாடியேறிப் போய்த் திறந்துவிட்டாள். உள்ளே மிச்சமிருந்தது அந்த மரப்பெட்டி ஒன்றுதான். கோர்ட் வாசலில் உடனடிப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து, அலங்காரத்துக்கு இருக்கட்டும் என்று அண்ணன் வாங்கி வைத்திருந்த பெட்டி கேமரா.

அதில் பிலிம் கிடையாது. வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகும் காகிதத்தைப் பெட்டிக்குள் மாட்டி, லென்ஸின் மூடியைக் கண நேரம் திறந்து மூட வேண்டும். பிறகு பெட்டிக்குள்ளேயே இரண்டு தட்டுகளில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் அதைக் கழுவி எடுத்தால், கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிய ஒரு முகம் வரும். அதுதான் நெகட்டிவ். அதை லென்ஸுக்கு முன்னால் ஒரு சட்டத்தில் குத்தி வைத்து மறுபடி படம் எடுத்தால் முகம் சரியாக வரும். எல்லாவற்றையும் ஒரே துணிக்குழாய்க்குள் ஒரே கையை விட்டுத் தடவித் தடவித்தான் செய்ய வேண்டும். சங்கடமும் அங்கேதான். மருந்தில் நனைந்த அதே விரல் அடுத்த புதுக் காகிதத்தையும் தொடும். தொட்ட இடம் கெட்டுப்போகும். காகிதத்தின் எந்தப் பக்கம் மருந்து பூசியது என்று இருட்டில் தெரியாது. உதட்டில் வைத்தால் மருந்துப் பக்கம் லேசாக ஒட்டும் என்பார்கள், உதட்டைப் பெட்டிக்குள் எப்படி விடுவது? திருப்பி மாட்டினால் படம் சோகை பிடித்தது போல வெளுத்து வரும்.

லப்பைக்குடிகாட்டிலிருந்து அழைப்பு வந்தது அந்தச் சமயத்தில்தான். வளைகுடாவில் கணவர்களோடு போய் இருக்க பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டிய பதினோரு பெண்கள் ஒரே தெருவில் இருந்தார்கள். யாரும் ஸ்டுடியோ படி ஏறத் தயாராக இல்லை. முன்பு எங்கேயோ ஒரு ஸ்டுடியோக்காரர், நிக்காஹ் முடிந்த ஒரு பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிக் கேட்காமல் கண்ணாடி அலமாரியில் மாட்டிவிட்டாராம். அந்தத் தெருவுக்கே பெரியவராக இருந்த ஒரு அம்மா, எல்லாருக்கும் அவர் 'பெரிய வீட்டு உம்மா', ஆள் விட்டு அண்ணியைக் கூப்பிட்டுப் பேசினார். "படம் எடுக்குறது பெருசில்லம்மா. நெகட்டிவுன்னு ஒண்ணு கடையில கெடக்குதுல்ல, அதான் தூக்கம் வரல." அண்ணி அங்கேயே வாக்குக் கொடுத்தாள். "எங்க பெட்டியில நெகட்டிவும் காயிதந்தான் உம்மா. அதையும் உங்ககிட்டயே குடுத்துடுவேன். படம் பெட்டியிலேருந்து நேரா உங்க கைக்கு வரும். நடுவுல இன்னொரு கை படாது."

வாக்கு பெரியது, பெட்டி பழையது. முதல் முறை திட்டக்குடி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். அந்த வீட்டு முற்றத்தில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. முதல் படம் சுமார். இரண்டாவது, திருப்பி மாட்டிய காகிதம். மூன்றாவதில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணின் கன்னத்தில் அண்ணியின் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்து, ரேகை முதற்கொண்டு தெரிந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "எங்க வூட்டுக்காரரு பாத்தா யாரு அறைஞ்சதுன்னு கேப்பாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள், ஆனால் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கட்டைவிரலையே தேய்த்துக்கொண்டு வந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இதுக்குத்தான் அண்ணன் பூட்டச் சொன்னானோ என்னவோ" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

சேதி அப்பாவுக்குப் போய்விட்டது. கடையின் வாடகைப் பத்திரம் அவர் பேரில் இருந்தது. சாப்பிட்ட கையோடு கூப்பிட்டு, "ஊரு சிரிக்கிற தொழிலு நம்ம வூட்டுக்கு வேணாம். இன்னொரு தடவ இப்புடி வெறுங்கையோட வந்தீன்னா சாவிய என்கிட்ட வெச்சுடணும்" என்றார். அண்ணி ஒரே சொல்லில், "சரிங்க மாமா" என்றாள். அந்தச் 'சரி'யில் பணிவு துளியும் இல்லை. பந்தயம் கட்டுகிறவள் சொல்லும் சரி அது. உம்மாவிடமும் இருபது நாள் தவணை கேட்டாள். பதினோரு பேர், ஆளுக்கு ஒரு நெகட்டிவ், நாலு படம். ஐம்பத்தைந்து முறை பிசகாமல் காகிதம் மாட்ட வேண்டும், அதுவும் ஒரே பகலில்.

அந்த இருபது நாளும் அவள் கேமராக்காரியாக யோசிக்கவில்லை, தையல்காரியாக யோசித்தாள். கிழிந்த குடைகளின் கறுப்புத் துணியை இரட்டையாக மடித்து, ரவிக்கைக் கை தைப்பது போல அளவெடுத்து, மணிக்கட்டில் இலாஸ்டிக் வைத்து ஒன்றுக்கு இரண்டு துணிக்குழாய் தைத்தாள். ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை காகிதத்துக்கு. ஈரக்கை காகிதத்தைத் தொடாது, காகிதக்கை ஈரத்தைத் தொடாது. கடையின் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காகிதத்திலும் மருந்துப் பக்கம் தன்னைப் பார்க்கும்படி வைத்து வலது மேல் மூலையைக் கத்தரித்தாள். இனி விரல் அந்த மூலையைத் தொட்டாலே பக்கம் தெரிந்துவிடும். அடுக்கி வைக்க என் பழைய ஜாமெட்ரி பாக்ஸைக் கேட்டாள். அதன் உள்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்து, பெட்டியின் ஓரத்தில் ஆணி வைத்து இறுக்கினாள். மூடியைத் தூக்கு, ஒன்றை எடு, மூடு. அவ்வளவுதான். இதையெல்லாம் கண்டுபிடிப்பு என்று யாரும் அப்போது சொல்லவில்லை. ஆம்பிளை எவனாவது செய்திருந்தால் ஊரே சொல்லியிருக்கும்.

ஆனாலும் படம் கெட்டது. இடது கை காகிதத்துக்கு, வலது கை மருந்துக்கு என்று முதலில் வைத்திருந்தாள். கழுவிய படத்தை வலது கையால்தானே ஆளிடம் கொடுக்க வேண்டும், அந்தக் கணக்கு. ஆனால் இருட்டுக்குள் போனதும் வலது கை தானாகவே காகிதத்துக்குத் தாவியது. நல்ல பொருளைப் பீச்சாங்கையால் தொடாதே என்று சின்ன வயதில் அடித்து அடித்துப் பழக்கிய கை, சொன்னால் கேட்குமா? நாலு நாள் மல்லுக்கட்டினாள். ஐந்தாம் நாள், "போடீ, கை சொல்றத நாமளே கேட்டுட்டுப் போவோம்" என்று பக்கத்தை மாற்றினாள். வலது கை காகிதத்துக்கு, இடது கை மருந்துக்கு. அதற்குப் பிறகு ஒரு காகிதம் வீணாகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து என் முகமே எனக்கு அலுத்துப்போனது. அவள் இடது கையால் நீட்டிய படங்களை நான் பாட்டுக்கு வாங்கிக்கொண்டிருந்தேன். முதலில் போட்ட கணக்கு மறந்து, வீட்டு ஆள் என்பதால் எங்கள் இருவருக்குமே அது உறைக்கவில்லை.

உறைத்தது லப்பைக்குடிகாட்டு முற்றத்தில். பதினோரு பேர் கணக்கில் சேராத உம்மாவே, சோதித்துப் பார்க்கிறேன் என்று முதலில் உட்கார்ந்தார், தலையில் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரிடமோ சண்டைக்குப் போகிறவர் மாதிரி. நெகட்டிவ் வந்தது. அதைச் சட்டத்தில் குத்தி மறுபடி எடுத்தாள் அண்ணி. படத்தைக் கழுவி, கீழே இருந்த வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, சொட்டச் சொட்ட நீட்டினாள். இடது கையால். "பீச்சாங்கையால குடுக்குறாங்களே உம்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பாய்ந்து போய், நான் வாங்கி வலது கையால் கொடுக்கிறேன் என்று கையை நீட்டினேன். அண்ணி தரவில்லை.

"நடுவுல இன்னொரு கை படாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் என்னிடம். பிறகு உம்மாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல், "உம்மா, என் வலது கை உள்ள காயிதத்துக்குக் காவலா நிக்குது. அத வெளிய எடுத்து ஈரம் பட்டுச்சுன்னா அடுத்த புள்ள கன்னத்துல மறுபடியும் கட்டவெரலுதான். எனக்கு மரியாத தெரியாம இல்ல. இப்ப இந்தக் கையாலதான் குடுக்க முடியும். வேணாம்னா சொல்லிடுங்க, பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுறேன்" என்றாள். போனால் சாவியும் போய்விடும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

உம்மா படத்தை வாங்கவில்லை, முதலில் குனிந்து பார்த்தார். கன்னத்தில், நெற்றியில், மூக்குத்தியில் எங்கேயும் ஒரு பொட்டுக் கறை இல்லை. "சோத்துக்குத்தான் அந்தக் கை ஆவாது. மொகத்துக்கு ஆவும் போலருக்கு" என்று வாங்கிக்கொண்டார். பிறகு அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பி, "நீ வந்து உக்காரு, அடுத்தது நீதான்" என்றார். முற்றம் மறுபடி கலகலத்தது. பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் முன் பதினோரு பேருக்கும் முடிந்தது. நெகட்டிவ்களை ஒவ்வொருத்தியும் தானே எண்ணி மடித்து எடுத்துப் போனாள். எங்கள் பெட்டிக்குள் யாருடைய முகமும் மிச்சமில்லை.

வெற்றி என்று நினைத்துக்கொண்டுதான் பெரம்பலூருக்கு வந்தோம். கடை வாசலில் அப்பா நின்றிருந்தார். பக்கத்தில் அடுத்த தெரு ஸ்டுடியோக்காரர். அப்பாவின் கையில் அண்ணனின் கடிதம். கடையை அந்த ஸ்டுடியோக்காரருக்கே விட்டுவிடுங்கள், பெண்டுகள் வெளியே அலைய வேண்டாம் என்று எழுதியிருந்தான். "வெறுங்கையோட வந்தாத்தான சாவின்னு சொன்னீங்க மாமா" என்றாள் அண்ணி. "அது நான் சொன்னது. இது அவன் சொல்றது. கடை அவனுதும்மா, சாவியக் குடு" என்றார் அப்பா. "குடுக்க மாட்டேங்க மாமா." அவள் கத்தவில்லை. மருந்துக் கறை படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். அப்பா என் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட இன்னொண்ணு இருக்குதுல்ல?" தொலைந்துவிட்டது என்று ஒரு பொய் நுனி நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "இருக்குப்பா. நானும் குடுக்க மாட்டேன்" என்றேன். இருபத்தாறு வயதில் அப்பாவிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அதுதான். சுகமாக இருந்தது, மறைப்பானேன்.

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அவன் கேட்டான்னா நான் என்னத்த எழுதுறது?" என்றார், பாதி தனக்குள். "கடை தொறந்திருக்குன்னு எழுதுங்க" என்றாள் அண்ணி. கதவைத் திறந்துகொண்டே அந்த ஸ்டுடியோக்காரரிடம், "படம் எடுக்கணுங்களா சார்? வந்து உக்காருங்க" என்று கேட்டாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு இறங்கிப் போனார்.

அண்ணன் ஐந்து வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தான். அதற்குள் அண்ணி நல்ல கேமராவும் வாங்கியிருந்தாள், கடையைக் கீழ்த்தளத்துக்கும் கொண்டுவந்திருந்தாள். இப்போது செல்போனிலேயே எல்லாரும் எல்லாரையும் எடுத்துக்கொள்கிறார்கள், யார் முகம் யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அண்ணன் ஊருக்கு வந்த வாரம், தன் பயணப் பெட்டியைத் துழாவி அன்றைக்கு அப்பா எழுதியிருந்த பதிலை எடுத்து என்னிடம் காட்டினான். நலம் விசாரிப்புக்குக் கீழே இரண்டே வரி இருந்தது. கடை திறந்திருக்கிறது. நீ வந்தால், உன் பெண்டாட்டியிடம் வேலை கேட்டுப் பார்.