அப்பா போடாத தாளம்

என் அத்திம்பேருக்கு எங்கள் அப்பா தாளம் போடுவார். எனக்குப் போட மாட்டார். என் வயிற்றெரிச்சலுக்கு மூல காரணம் இதுதான். மற்றதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர், மிருதங்க வித்வான். அப்பாவும் மிருதங்கம்தான். கச்சேரி, நாட்டிய அரங்கேற்றம், சினிமா ரெக்கார்டிங் என்று மயிலாப்பூரை விட்டு நகராமலே வாழ்நாள் முழுக்க வாசித்துவிட்டு, தோள்வலி வந்த பிறகு நிறுத்திக்கொண்டவர். பெரியப்பா வயலின். அம்மா இன்றைக்கும் கூடத்தில் பாட்டு சொல்லித் தருகிறாள். எங்கள் வீட்டில் குக்கர் விசிலே சுருதி பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட வீட்டில் நான் டிரம்ஸ். கல்யாண வரவேற்பு, டிவி நிகழ்ச்சி, கல்லூரி விழா, வருஷத்துக்கு ஒருமுறை சிங்கப்பூர், துபாய். வேளச்சேரியில் சொந்த ஃபிளாட் இருக்கிறது. நான் ஏதோ தோற்றுப்போனவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தோற்றவன் பொறாமைப்பட்டால் ஊர் ஐயோ பாவம் என்று சொல்லும். பிழைப்பு நன்றாக நடக்கிறவன் பொறாமைப்பட்டால் அதை வெளியே சொல்லக்கூட வழியில்லை. உள்ளேயே கிடந்து புளிக்கும்.

அத்திம்பேர் அப்பாவிடம் மிருதங்கம் கற்றுக்கொள்ள வந்தவர். வந்தவர் வாசித்தார், அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டார், கூடத்தில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையதானது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியதாம். இத்தனைக்கும் மனுஷர் தங்கமானவர், அதுவும் ஒரு தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். பார்க்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் ரெண்டு கையும் ரெண்டு காலும் தனித்தனியா யோசிக்கறதேடா" என்பார். நான் பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

தாளத்துக்கு வருகிறேன். சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிற மாமாக்களை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அப்பா போடுவது அந்த வகையில்லை. மாப்பிள்ளை வாசிக்கிற நாளில் அரை மணி நேரம் முன்னால் போய், முதல் வரிசையின் இடது கோடியில் இடம் பிடிப்பார். மிருதங்கக்காரர் லேசாகத் தலையைத் திருப்பினால் நேரே கண்ணில் படுகிற இடம் அது. முதல் உருப்படியிலிருந்து தட்டி, விரல் எண்ணி, வீசி, ஒரு சுற்றுகூட விடாமல் போடுவார். தனி ஆவர்த்தனம் வந்துவிட்டால், அதாவது மற்றவர்கள் நிறுத்திக்கொண்டு மிருதங்கம் மட்டும் பேசுகிற நேரத்தில், கை தொடையை விட்டு இன்னும் மேலே எழும். அடி பலமாக விழும். அன்று ராத்திரி அம்மா அவருடைய வலது தோளில் தைலம் தேய்ப்பாள். மறுநாள் காலையில் நான் போனால் வீடு முழுக்கத் தைல வாசனை. அந்த வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும், நேற்று அத்திம்பேருக்குக் கச்சேரி என்று. தைலத்தின்மேல் பொறாமைப்பட்ட பிள்ளை தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் நிகழ்ச்சிகளுக்கும் அப்பா வருவார். வராமல் இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தி. நகரில் கல்யாண மண்டபத்தில் வாசித்தால், அடையாறில் ஏதாவது ஹாலில் வாசித்தால், ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்காருவார். இடது உள்ளங்கையில் வலது கையை மல்லாக்க வைத்து மடியில் போட்டுக்கொள்வார். அந்தக் கை கடைசி வரை அசையாது. டிரம்ஸ் சத்தத்தை அடக்க வைக்கிற கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து நான் அதையே பார்த்துக்கொண்டு வாசிப்பேன். கூட்டம் எழுந்து ஆடும், பெண்ணும் மாப்பிள்ளையும்கூட ஆடுவார்கள். அப்பாவின் விரல் நுனி துடிக்கிறதா என்று நான் பார்ப்பேன். சில நேரம் கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துவிடுவார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். அத்தனை சத்தத்தில் தூக்கம் வருகிறது என்றால் என் வாசிப்பை எந்த லட்சணத்தில் எடுத்துக்கொண்டிருப்பார்?

போன மார்கழியில் ஒரு சாயங்காலம் லஸ் பக்கம் போயிருந்தேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற தெருக்களைச் சுற்றிக்கொண்டு ஒரு சபாவுக்குப் போனது கேன்டீன் அடைக்காகத்தான். மேலே அத்திம்பேர் வாசிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன். பொறாமைக்காரனுக்கு அதைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. அடையைத் தின்றுவிட்டு அரங்கின் பின்பக்கம் போய் நின்றேன். தனி நடந்துகொண்டிருந்தது. இடது கோடியில் அப்பா. கை மார்பு உயரத்துக்கு எழுந்து விழுகிறது. அத்திம்பேர் ஒரு பார்வை அவர் பக்கம் பார்த்தார், அப்பா ஒரு தட்டு தட்டினார், அத்திம்பேர் தனியை முடித்துவைக்கிற கோர்வையை மூன்று முறை வாசித்துக் கச்சிதமாக வந்து நின்றார். ஹால் கைதட்டலில் அதிர்ந்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு மாமி தன் சிநேகிதியிடம், "மாப்பிள்ளைக்கு மாமனார் தாளம் போடற அழகப் பாரேன். கொடுத்து வெச்சவன்" என்றாள். தின்ற அடை நெஞ்சுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை வீட்டுக்குப் போனேன். தைல வாசனை. அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் அக்கா காபி கலந்துகொண்டிருந்தாள். நான் கேட்டே விட்டேன்.

"உன் ஆத்துக்காரருக்குத் தோள் நோக நோகத் தாளம் போடறாரே, எனக்கு ஒரு நாளாவது ஒரு விரல அசைச்சிருக்காரா? மிருதங்கம் வாசிச்சாத்தான் பிள்ளையா?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். குளியலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"உனக்கு நிஜமாவே தெரியாதா?" என்றாள். "எங்காத்துக்காரருக்குத் தாளக் கணக்கு நிக்காதுடா. நாதம் இருக்கு, கை சுத்தம் இருக்கு. ஆனா தனியில கோர்வைய எங்க ஆரம்பிக்கணுங்கற இடம் நழுவிடும். அப்பா தட்டறதப் பாத்துண்டுதான் எடுக்கறார்."

"பாடறவாதான் பக்கத்துலயே தாளம் போடறாளே. அதைப் பாக்கட்டுமே."

"பாடறவா கையையே பாத்துண்டு வாசிச்சா, இவருக்குக் கணக்கு வரலன்னு மேடையில தெரிஞ்சு போயிடும். அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட மாட்டா. அப்பா பக்கம் பாத்தா, மாமனார மரியாதையாப் பாக்கறார்னுதானே நினைப்பா?"

இத்தனை வருஷமாக நான் வயிறெரிந்தது ஒரு ஊன்றுகோலைப் பார்த்து.

"அப்போ நான் வாசிக்கறச்சே?"

"உனக்கு எதுக்குடா தாளம்? உன் கச்சேரிலதான் நான் பயமில்லாம உக்காந்துண்டிருக்கேன்னு அப்பா அம்மாட்ட சொல்லியிருக்கார். இத வெளில எங்கயும் உளறி வெக்காதே." சொல்லிவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தாள். காபி ஆறிப்போயிருந்தது.

இதைக் கேட்டவன் என்ன செய்திருக்க வேண்டும்? குளித்துவிட்டு வந்த அப்பாவின் காலில் விழுந்திருக்க வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பறக்கும் ரயிலில் வேளச்சேரி வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன். ஆனால் அது பொங்கல் வரைகூடத் தாங்கவில்லை. நன்றாக நடக்கிற பிள்ளையை யாரும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதில்லை, நியாயம்தான். அதற்காக இடுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்தால் நடக்கிற பிள்ளைக்கு எரியாமல் போய்விடுமா? முன்பாவது அத்திம்பேர் என்னைவிட உசத்தி என்ற கோபம் இருந்தது. இப்போது உசத்தி நான்தான் என்று தெரிந்த பிறகும் அப்பாவின் கை அவருக்குத்தான். தப்பு செய்கிறவனுக்கு அப்பா கிடைக்கிறார். சரியாக வாசிக்கிறவனுக்கு மடியில் தூங்குகிற ஒரு கை.

பங்குனியில் அடையாறில் எங்கள் குழுவுக்கு ஒரு நிகழ்ச்சி. வழக்கம்போல அப்பா வந்தார், இந்த முறை அக்கா அழைத்துக்கொண்டு வந்தாள். நடு வரிசை, நடு நாற்காலி, மடியில் மல்லாந்த கை. இடைவேளைக்கு முன்னால் என்னுடைய தனி. ஏழு எண்ணிக்கையில் ஒரு மெட்டு, அப்பாவின் பாஷையில் மிஸ்ர சாபு. பாஸ் கிதாரும் கீபோர்டும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, அதன்மேல் நான் என் இஷ்டத்துக்கு விளையாடிவிட்டு முதல் அடியில் வந்து சேர வேண்டும். தூக்கத்தில் எழுப்பி வாசிக்கச் சொன்னாலும் அந்த இடம் எனக்குத் தவறாது.

தவற விட்டேன், வேண்டுமென்றே. ஒரு உருட்டு உருட்டிவிட்டு அரை அடி முன்னாலேயே சிம்பலில் இறங்கினேன்.

பாஸ்காரன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. தடுப்புக் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தேன். அவர் கண் திறந்துவிட்டது. வலது கை இடது கையை விட்டு வெளியே வந்தது. சற்று நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு தொடையில் இறங்கியது. அடுத்த சுற்றில் மார்பு உயரத்துக்கு ஏறியது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். என் கண்ணில் பட வேண்டும் என்று, முன்னால் இருக்கிற தலைகளுக்கு மேலே கையைத் தூக்கித் தூக்கிப் போட்டார். எனக்கு அப்படியே சேர்ந்துகொள்ள மனசு வரவில்லை. இன்னும் இரண்டு சுற்று தவறாகவே ஓட்டினேன், அந்தக் கை எனக்காக விழுவதைப் பார்ப்பதற்காக. பிறகு அவர் தட்டுக்கே வந்து சேர்ந்தேன். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, கைதட்டினார்கள்.

இடைவேளையில் பாஸ்காரன் வந்து பிடித்துக்கொண்டான். "இன்னா மச்சி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? முதல் அடி எங்கியோ பூட்ச்சே."

"தெரியலடா" என்றேன். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இரண்டாம் பாதிக்கு மேடை ஏறியபோது முதலில் அப்பாவைத்தான் பார்த்தேன். கை மடிக்குத் திரும்பியிருக்கவில்லை. நான் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை, தவறவும் நினைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் முதலிலிருந்து கடைசி வரை போட்டுக்கொண்டே இருந்தார். எளிய நாலு அடிப் பாட்டுக்குக்கூடப் போட்டார். கண்ணை மூடவே இல்லை. நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப அலையறியோ?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். தைல வாசனை வாசலிலேயே வந்தது. முந்தின நாள் அத்திம்பேருக்குக் கச்சேரி இல்லை. அம்மா பாட்டிலை மூடிக்கொண்டே, "உன் கச்சேரிக்குப் போயிட்டு வந்தா மட்டும் இந்த மனுஷர் நன்னாத் தூங்குவார். நேத்திக்கு என்னடா பண்ணினே?" என்றாள்.

போன வாரம் நந்தனத்தில் வாசித்தேன். டிரம்ஸுக்கு அடியில் விரிப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தால், நாற்காலிகள் இன்னும் காலியாகக் கிடந்தன. அப்பா மட்டும் வந்திருந்தார். முதல் வரிசை, இடது கோடி. நான் இன்னும் குச்சியை எடுக்கவில்லை. அதற்குள் அவர் கை தொடைமேல் தயாராக இருந்தது.