உம் கொட்டப் போனவள்

என் வீட்டுக்காரி செல்லபாயைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நான் வந்து நிற்கிறேன். பழக்கம் அப்படி. முப்பத்திரண்டு வருஷம் ஆனவண்டியில் கண்டக்டர். இங்கே திருவனந்தபுரத்தில் அரசு பஸ்ஸுக்கு ஆனவண்டி என்றுதான் பேர். கண்டக்டர் வாயை மூடினால் வண்டி நகராது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எனக்க அப்பா சொல்லுவார். சத்தியநேசனாகிய நான் நன்றாகவே பிழைத்தேன்.

செல்லபாய் பேசமாட்டாள். ஊமை இல்லை, கேட்டோ. பாறசாலைக்காரி, தமிழில் படித்தவள், சபையில் வேதம் வாசித்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் கணீரென்று கேட்கும். வீட்டில்தான் பேசமாட்டாள். நான் பேசுவேன், அவள் ‘ம்’ என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. எனக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நேமத்தில் எங்கள் தெருவுக்கு வருகிற மீன்காரர் யூசுப், தன் மகளைப் பெண்பார்க்க வந்தவர்கள் கதையை இவளிடம் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் தராசை எடுப்பார். செல்லபாயிடம் ஒரு ‘ம்’ இல்லை, பல தினுசு உண்டு. துக்கத்துக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று, ஆள் புளுகும்போது ஒன்று. எனக்கு எது கிடைத்துக்கொண்டிருந்தது என்று நான் கவனித்ததில்லை.

ஒரே ஒரு காரியம் மட்டும் அவளிடமிருந்து எனக்கு வரவேயில்லை. எங்கள் மூத்தவள் நீது மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். முப்பத்தொரு வருஷமாகிறது. ஆஸ்பத்திரியில் நான் சீட்டு எடுக்க வரிசையில் நிற்கும்போது டாக்டர் வெளியே வந்து செல்லபாயிடம் என்னமோ சொன்னார். தூரத்திலிருந்து பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். என்ன சொன்னார் என்று அன்றைக்குக் கேட்டேன், அடக்கம் முடிந்து கேட்டேன், அதன்பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்டிருப்பேன். “ஒண்ணும் சொல்லல்ல” என்பாள். அந்த ஒண்ணுமில்லாதது என் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. இளையவன் விஜின் பிறந்து, படித்து, பெங்களூரில் வேலைக்கும் போய்விட்டான். முள் அப்படியேதான் இருந்தது.

போன வருஷம் எங்கள் மாடிக்கு ரேஷ்மி குடிவந்தாள். கொல்லத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்த தமிழ்ப் பெண்களின் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவுசெய்ய வேண்டும், அதுதான் விஷயம். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுத வராது. பதிவைக் கேட்டு நோட்டில் எழுதித் தர ஆள் வேண்டும் என்று வந்து நின்றாள். செல்லபாய் ஒத்துக்கொண்டாள்.

எனக்கு அன்றைக்குப் பிடித்தது சனி. எப்போது பார்த்தாலும் அவள் காதில் இயர்போன். நான் பாட்டுக்குப் பேசுகிறேன், ‘ம்’ வருவதில்லை. செவிடன் காதில் ஊதின சங்குதான். ரேஷன் கடையில் நடந்த சண்டையை ஒருநாள் ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்துத் திரும்பினால் அவள் கொல்லைப்புறத்தில் இருக்கிறாள். அரைமணி நேரம் பிரிட்ஜிடம் சொல்லியிருக்கிறேன்.

பதினொரு பதிவு எழுதி முடித்தபிறகு செல்லபாய் ரேஷ்மியைக் கூப்பிட்டாள். எல்லாரும் நாலு நிமிஷத்தில் நிறுத்திவிடுகிறார்களே, கவனித்தாயா என்றாள். ரேஷ்மிக்கு முகம் தொங்கிப்போயிற்று. அதுதான் ஆன்ட்டி பிரச்சினை என்றாள். அவளுடைய கைடு இரண்டு மாதம் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் சரக்கு வராவிட்டால் தலைப்பை மாற்ற வேண்டும், மூன்று வருஷ வேலை குப்பையில். கேள்வி கேட்டபிறகு நீ என்ன செய்கிறாய் என்று செல்லபாய் கேட்டாள். ஒன்றும் செய்யமாட்டேன், மூச்சு விடுகிற சத்தம்கூடப் பதிவில் வரக்கூடாது என்பது கைடின் கட்டளை, நம் குரல் நுழைந்தால் அவர்கள் கதை வளைந்துவிடும் என்றாள் அந்தப் பிள்ளை.

“உம் கொட்டாத ஆளுக்கு ஆரு மோளே கதை சொல்லுவா?” என்றாள் செல்லபாய். “நீ கேக்கியா ஒறங்குதியான்னு அவியளுக்கு எப்படித் தெரியும்?”

தமிழ்க்காரர்களிடம் இது உள்ளதுதான். கதை சொல்கிறவருக்கு எதிரே இருக்கிறவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். அதுவும் தோட்டத்தில், வாயே திறக்காமல் உட்கார்ந்து கேட்கிறவன் துரையோ சூப்பர்வைசரோதான். அவனிடம் எதைச் சொல்வார்கள்? வந்தோம், கொழுந்து பறித்தோம், வேறொன்றுமில்லை என்று கும்பிட்டு அனுப்புவார்கள். மூன்று வருஷமாக ரேஷ்மியை மரியாதையாகக் கும்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆக, செல்லபாய் போனக்காட்டுக்கு உம் கொட்டப் போகவேண்டும் என்று முடிவாயிற்று. நானும் புறப்பட்டேன். யாரும் கூப்பிடவில்லை. அந்த ரூட்டில் ஆறு வருஷம் வேலைபார்த்தவன் நான், எனக்குத் தெரியாத போனக்காடா?

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கடைசி வீடு பகவதியம்மாளுடையது. எழுபத்துநாலு வயது, தனியாள். பாலில்லாத கட்டன் சாயா போட்டுத் தந்துவிட்டு உட்கார்ந்தாள். இந்தத் தோட்டத்துக்கு எப்போது வந்தீர்கள் என்று ரேஷ்மி கேட்டாள். எங்கம்மா வயிற்றில் இருக்கும்போதே வந்தேன் என்று பகவதியம்மாள் தொடங்கினாள். அப்போது ரோடே கிடையாதே என்றேன் நான். சொன்னது தப்பில்லை. ஆனால் ரோடு எப்படி வந்தது, எந்த வளைவில் வண்டி சறுக்கும், எந்த வருஷம் ஆனவண்டிக்கு முன்னால் நிஜ ஆனை வந்து நின்றது என்று தொடர்ந்து சொல்லவேண்டி வந்துவிட்டது. ரேஷ்மியின் பதிவில் அது இருபத்திரண்டு நிமிஷம். அவ்வளவு நேரமும் பகவதியம்மாள் எனக்கு உம் கொட்டினாள், பாவம்.

நடுவில் செல்லபாய் என்னைப் பார்த்து, கீழே போக வண்டி எப்போது என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். வண்டி எப்போது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். எழுந்து போனேன். பூட்டிக்கிடக்கிற பாக்டரியின் படியில், மழைக்கு ஒதுங்கி, இரண்டேகால் மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. அதனிடம் பேசவில்லை. கொஞ்சம் பேசினேன்.

திரும்பும்போது ரேஷ்மியின் கண்கள் சிவந்திருந்தன. என்ன மோளே என்றேன், ஒன்றுமில்லை அங்கிள் என்றாள். செல்லபாய் விதுரை வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த டிரைவர் வளைவை ஒடிக்கிற லட்சணத்தைச் சொன்னேன். “ம்” என்றாள்.

அதற்குப்பிறகு ஒரே ஓட்டம். போனக்காட்டுக்கு நாலு தடவை, பொன்முடிக்கு இரண்டு தடவை. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றரை மணி, இரண்டு மணி என்று கதை கொட்டியது. கைடுக்குச் சந்தோஷம். தலைப்பு தப்பித்தது. செல்லபாயை என்னவென்று குறிப்பிடுவது, ஆராய்ச்சி உதவியாளர் என்று போடலாமா என்று அவர் கேட்டு அனுப்பினாராம். சும்மா உம் கொட்டப் போகிறவள் என்று போடச் சொல்லு என்றாள் செல்லபாய். நான் எனக்கே கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு காரியம் மட்டும் எனக்கு இடித்தது. எல்லாப் பதிவையும் ஒன்றுவிடாமல் எழுதுகிறவள், பகவதியம்மாளின் நோட்டை முப்பத்தெட்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். மிச்சம் எங்கே என்றால் மிச்சம் தோட்டத்துக் கதை இல்லை என்றாள். ரேஷ்மியும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு அதைவிட இடித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம் நான் பேப்பரும் கையுமாக இருந்தபோது செல்லபாய் ரேஷ்மியின் போனையும் இயர்போனையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“இதைக் கேளுங்க” என்றாள். “நடுவுல நீங்க பேசினாலும் குழப்பமில்ல. அது நிக்காது.”

சொல்லிவிட்டு மீன் நறுக்கக் கொல்லைப்புறம் போனாள்.

பகவதியம்மாளின் குரல். தன் இரண்டாவது பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டதைச் சொல்கிறாள். கொட்டுகிற மழை, வண்டி மேலே வரவில்லை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே இறங்குகிறாள். செல்லபாய் ‘ம்’ என்கிறாள். மண்ணிடிந்தால் வண்டி எப்படி வரும், அது எங்கள் குற்றமில்லை என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அது நிற்கவில்லை. பாதி வழியிலேயே பிள்ளை குளிர்ந்துபோயிற்று என்று பகவதியம்மாள் சொன்னாள். அதற்கு செல்லபாய் சொன்ன ‘ம்’ போல ஒன்றை நான் என் வீட்டில் கேட்டதேயில்லை.

பிறகு பகவதியம்மாள், உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

“ரெண்டு. மூத்தவ இல்ல.”

“ம்” என்றாள் பகவதியம்மாள்.

அதற்கப்புறம் செல்லபாய் பேசினாள். அவளுக்கு இவ்வளவு நீளமாகப் பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

“மத்தியானத்துக்குப் பெறகு பிள்ளை கண்ணு முழிக்கல்ல. இவிய நாலரைக்கு டூட்டி முடிஞ்சு வந்தாவ. வந்த உடனே, வண்டியில ஒருத்தன் சாக்குல கோழி கொண்டுவந்த கதை. கோழி அவுந்து டிரைவருக்க தலையில ஏறினதாம். இவியளுக்குச் சிரிப்பு தாங்கல்ல. அதுக்குள்ள பக்கத்து வீட்டு லிங்கராஜ் அண்ணன் வந்தாவ. அவியளுக்கு மறுபடியும் ஆதியில இருந்து. பிள்ளைக்கு முடியல்லன்னு சொல்லணும். சிரிக்கிற ஆளுட்ட எப்படிச் சொல்ல? முடியட்டும், முடியட்டும்னு உம் கொட்டிட்டே நின்னேன். முடிஞ்சப்போ மணி அஞ்சரை. டாக்டரு சொன்னாரு, ஒரு மணிக்கூர் முன்னால கொண்டு வந்திருந்தா பிள்ளை கிட்டியிருக்கும்னு.”

“ம்.”

“நான் நின்ன ஒரு மணிக்கூர் அது. எனக்க தப்பு.”

அந்தக் கோழிக் கதை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது என்னுடைய நல்ல கதைகளில் ஒன்று. டிப்போவில் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், விஜினுடைய நிச்சயத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாரிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரிப்பார்கள். செல்லபாய் பக்கத்தில்தான் நிற்பாள்.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னாயா என்று பகவதியம்மாள் கேட்டாள். மழை பெய்கிற சத்தம் மட்டும் வந்தது.

“இல்ல” என்றாள் செல்லபாய். “அவிய பேசி முடிக்கட்டும்னு இருக்கேன்.”

இயர்போனைக் கழற்றி வைத்தேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. எழுந்து கொல்லைப்புறம் போவதற்குள் சொல்லவேண்டியதெல்லாம் வரிசையாக வந்துவிட்டது. அது உன் தப்பில்லை, என் தப்பு, அந்தக் காலத்தில் நேமத்தில் ஆட்டோ கிடைப்பதே கஷ்டம், எந்த டாக்டரும் அப்படித்தான் சொல்லுவான் என்று. வாயைத் திறந்தும் விட்டேன்.

செல்லபாய் நிமிர்ந்து பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல முகத்தை என் பக்கம் திருப்பிக் கேட்கத் தயாரானாள்.

வாயை மூடிக்கொண்டேன். அது சுலபமில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். மீன் முழுவதையும் நறுக்கி, கழுவி, மஞ்சள் போட்டுப் புரட்டி வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“காலையிலேயே பிள்ளை கஞ்சி வேண்டாம்னு சொன்னா” என்று தொடங்கினாள்.