செத்தல் என்றார் அப்பா

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததில் முதலில் போனது ஜெர்மன். முப்பது வருஷம் சுவிஸில், துன் நகரத்து ஹோட்டல் கிச்சனில் திட்டு வாங்கியும் திட்டியும் பழகிய மொழி, ஒரே காலையில் கிளீன். பிறகு பார்த்தால் தமிழும் முக்கால்வாசி போயிருந்தது. ஓம், இல்லை, தண்ணி, அம்மாவின் பெயர். மிச்சம் அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் என்னிடம் ஒரு கொப்பி தந்தார். அப்பாவுக்குப் பிடித்த இடத்துக்குக் கூட்டிப்போய், கண்ணில் படுவதைக் காட்டிப் பெயர் கேட்டு எழுத வேண்டும். தானாக ஒரு பெயர் வந்தால் அதை விடாதே, அதன் பின்னால் மற்றவையும் வரலாம் என்றார். ஏழு மாதமாகக் கொப்பி வெறுமையாகவே கிடந்தது.

பிடித்த இடம் என்றால் தண்ணீர்க் கரைதான். சனிக்கிழமைகளில் துனுக்குப் பக்கத்துச் சின்ன ஏரிக்குப் போவோம். அப்பா மடக்குக் கதிரையில் இருப்பார், தூண்டில் போடுவது நான். இங்கே எங்கும் கிடைக்கிற எக்லி மீன் ஏதாவது மாட்டும். "இது என்னப்பா?" என்று தூக்கிக் காட்டுவேன். மீனைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். பேச்சு வராது.

அன்றைக்கு மாட்டியது எக்லி இல்லை. உள்ளங்கை அளவு, தட்டை, வட்டம். உடம்பு முழுக்கச் செம்பு நிறம், கன்னத்தில் நீல நெளிகோடுகள். எனக்கு பயோலஜி இரண்டாம் செமஸ்டர். உலகத்து உயிரெல்லாம் என்னிடம் கேட்டுத்தான் பிறந்தன என்ற திமிர். படம் எடுத்து, மீன் பெயர் சொல்லும் ஃபோன் ஆப்பில் போட்டேன். நிறம் குழப்பியதோ என்னவோ, மூன்று பெயர் சொன்னது. செவுள் மூடியின் கறுப்பு நுனியில் சிவப்புப் பொட்டைப் பார்த்து நானே முடிவு கட்டினேன்: ஸொன்னன்பார்ஷ். சூரிய மீன். வெளியிலிருந்து வந்த இனம், பிடித்தால் திரும்ப விடக்கூடாது.

கொல்வதற்கு முன் அப்பாவிடம் காட்டினேன்.

"செத்தல்," என்றார்.

"இல்லையப்பா, உயிரோடதான் இருக்கு. பாருங்க, துடிக்குது."

"செத்தல்." கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார். நல்ல கை மீனை நோக்கி நீண்டது. "செத்தல்! செத்தல்!"

"ஐயோ அப்பா, சாகேல்ல. இது மீன். எங்க, சொல்லுங்க பாப்பம், மீ…ன்."

கை இறங்கியது. முகம் சிவந்து, பிறகு ஒன்றுமில்லாமல் ஆனது.

"மீ…ன்," என்றேன் திரும்பவும், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"மீன்," என்றார் மெதுவாக.

"சூப்பர்!" என்று தோளில் தட்டினேன். கத்திப் பிடியால் மீனின் தலையில் ஒரு அடி. கொப்பியில் எழுதினேன்: உயிருள்ளதையும் செத்ததையும் குழப்புகிறார்.

வீட்டில் அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். ஃபோனை நீட்டினேன். "இதுக்குப் போய்ச் செத்தல் செத்தல் எண்டு ஒரே சத்தம். நான்தான் திருத்தினன்."

அம்மா கத்தியை வைத்துவிட்டார்.

"செத்தல் எண்டா மீன்ட பேர், மகன். மட்டக்களப்பு வாவியில பிடிக்கிறது. இப்பிடித்தான் சப்பட்டையா, வட்டமா இருக்கும். அப்பாக்கு உசிர் அது." கண்ணைப் புறங்கையால் துடைத்தார். "நீ என்னண்டு சொன்னாய் அவருக்கு?"

நான் துனில் பிறந்தவன். எனக்குத் தெரிந்த மீனெல்லாம் தமிழ்க்கடை ஃப்ரீசரில் பெயர் எழுதிக் கிடப்பவை. அப்பா பெயரை மாற்றிச் சொன்னார்தான், அது வேறு மீன்தான். ஆனால் ஏழு மாதத்தில் தானாக எழும்பி வந்த முதல் பெயர். நான் அதைப் பிழை என்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டேன்.

வரவேற்பறைக்கு ஓடினேன். அப்பா சோஃபாவில் இருந்தார். காலடியில் குந்தி, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"அப்பா, செத்தல். நீங்க சொன்னது சரி. செத்தல்தான்."

படத்தைக் கவனமாகப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், இல்லை என்று.

"மீன்," என்றார். சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.