ஏறாத முள்

சிஸ்டரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதும் இல்லை. அதற்கு எதிர்த்தாவது பேசித் தொலைக்கலாம் என்பது அவருடைய கட்சி.

ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குப் புண் கட்ட, ஊசி போட, சிறுநீர்க் குழாய் மாற்ற என்று தினமும் எட்டு வீடு போய் வருவார். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பஸ் கிடையாது. கணவர் விட்டுப்போன இருபத்தாறு வயதுக் கார்தான் எல்லாம். அவர் இருந்தவரை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. அவர் போய் ஆறு மாதம் கழித்து, ஐம்பத்து நான்காவது வயதில், சிஸ்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

அந்தக் காருக்குத்தான் இப்போது கெடு வைத்திருந்தான் மகன். காலையில் கிளம்பத் திணறுகிறது, பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கிறது, பின்னால் புகை வேறு. பழைய இரும்புக்கு எடுப்பவர் ஒருவரைப் பிடித்து, சனிக்கிழமை வண்டியைக் காட்டுவதாகச் சொல்லியும் விட்டான்.

"வண்டி மேல தப்பில்லம்மா. உன் ஓட்டு அப்படி. ரெண்டாவது கியர்லயே ஊரைச் சுத்துனா எந்த இன்ஜின் தாங்கும்? போதும், வீட்ல உட்காரு."

ஏழு வருஷத்தில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவரிடம் சொன்ன பேச்சு இது. சிஸ்டருக்கு உச்சந்தலை கொதித்தது. ஆனால் கொதிக்கவே கொதிக்காதது ஒன்று இருந்ததை அந்த வாரம்தான் கவனித்தார். ஒரு நோயாளியின் மருமகன் மருந்துக் கடைக்குக் காரில் கூட்டிப் போனபோது, அந்த வண்டியின் சூடு காட்டும் முள் பத்து நிமிஷத்தில் நடுவில் வந்து நின்றது. தம்முடைய காரிலோ அது கீழ்க்கோட்டை விட்டு எழுந்ததே இல்லை.

மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னார். வீட்டுக் காரை இருபது வருஷமாய்ப் பார்க்கிறவர்.

"முள்ளு கீழ இருந்தா நல்லதுதானே சிஸ்டர். ஏறினாத்தான் கவலைப்படணும். சும்மா கிடக்கற சங்கை எதுக்கு ஊதிக் கெடுக்கறீங்க?"

சிஸ்டர் விடவில்லை என்றதும், சூட்டை அளந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சாரை மாற்றினார். முள் அசையவில்லை. "அப்ப மீட்டர் பொய் சொல்லுது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்."

"என் வார்டுல ஒரு நர்ஸ் இப்படித்தான் தெர்மாமீட்டர் சரியில்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நோயாளிக்கு உடம்பு நிஜமாவே குளிர்ந்துக்கிட்டு இருந்துச்சு. விடியறதுக்குள்ள அந்த ஆள் போயிட்டாரு."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு. காய்ச்சல் என்றால் பதறுகிற உலகம், உடம்பு ஜில்லிட்டால் நிம்மதியாய்த் தூங்கப் போகிறது. முப்பது வருஷமாய் இந்த மடத்தனத்தோடு மல்லுக்கட்டியவருக்கு ஒரு கார் விஷயத்தில் மட்டும் பொறுமை எங்கிருந்து வரும்?

மீட்டர் பொய் சொல்கிறதா என்று தாமே பார்த்துவிடத் தீர்மானித்தார். பால் காய்ச்சும்போது சூடு பார்க்கிற கம்பித் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கினார். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயில் அதை வைத்து, பஞ்சைச் சுற்றி, புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் இறுக்கிக் கட்டினார். எட்டு வீட்டுக்கும் போகிற வழியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நோயாளிக்குப் போடுவது போலவே சார்ட் போட்டார். நெரிசலில் ஊர்ந்தால் அறுபத்தெட்டு டிகிரி. காற்றடிக்கிற நெடுஞ்சாலையில் ஐம்பத்தொன்று. அதற்கு மேல் ஏறவே இல்லை. மீட்டர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

உதிரிபாகக் கடைக்காரர் சார்ட்டைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். "இன்ஜின் சூடாகற வரைக்கும் மேல் குழாய் குளிர்ந்தே இருக்கணும்மா. தெர்மோஸ்டாட்னு உள்ள ஒரு சின்ன வால்வு, அது தண்ணியைப் பிடிச்சு வைக்கும். எண்பது டிகிரிக்கு மேல சூடானதும் தானா திறக்கும். இது எப்பவும் திறந்தே கிடக்குது. இப்படியே ஓடினா பெட்ரோலும் கூடக் குடிக்கும், உள்ளயும் தேஞ்சுபோகும்."

புது வால்வோடு வெள்ளிக்கிழமை மெக்கானிக் முன்னால் போய் நின்றார் சிஸ்டர். "கழட்டுங்க. நான் இங்கேயே நிக்கறேன்."

இரண்டு போல்ட், ஒரு மூடி. வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாய் இருந்தது.

"எங்கே போச்சு?"

மெக்கானிக் கொஞ்சம் பெருமையாகவே மேஜைக்கடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இழுத்தார். முப்பது நாற்பது பழைய வால்வுகள். "கொதிச்சு வர்ற எந்த வண்டியிலயும் முதல்ல இதை எடுத்துடுவேன். அப்புறம் கொதிக்கற பேச்சே கிடையாது."

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவீங்களா? என் வண்டியில இதை எப்ப எடுத்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

மெக்கானிக்கின் குரல் இறங்கியது. "ஐயா போன அடுத்த மாசம் சிஸ்டர். உங்க பையன் நண்பர்களோட எடுத்துட்டுப் போயி, தண்ணி இல்லாம ஓட்டி, நடுரோட்டுல கொதிக்க விட்டுட்டாரு. கட்டி இழுத்துத்தான் வந்தோம். இனிமே கொதிக்கக் கூடாது, அம்மாவுக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னாரு. சின்னப் பையன் கெஞ்சினானேன்னு..."

சின்னப் பையனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. புது வால்வைப் போட்டு மூடுகிறவரை சிஸ்டர் அங்கேயே நின்றார். ஏழு வருஷம் அவர் தவறாமல் ஆயில் மாற்றினார், காற்றுப் பார்த்தார், கழுவித் துடைத்தார். பெற்ற பிள்ளை கெடுத்து வைத்த வண்டியை ஓட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளையிடமே ஓட்டத் தெரியாதவள் என்று பேர் வாங்கியிருக்கிறார்.

சனிக்கிழமை காலை, பழைய இரும்புக்காரரிடம் வண்டியைக் காட்ட மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்றாவது தெருவில் முள் கீழ்க்கோட்டைத் தாண்டியது. பெரிய சாலைக்கு வருவதற்குள் நடுவுக்கு வந்து நின்றது. மகன் அதைப் பார்த்துவிட்டான்.

"அம்மா, நிறுத்து. முள்ளு ஏறுது. கொதிக்கப் போகுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இதுகூடத் தெரியாதா? கொதிச்சா இன்ஜின் பிடிச்சுக்கும்."

"ஆமா, உனக்குத் தெரியாம இருக்குமா. அப்பா போன அடுத்த மாசமே பார்த்தவனாச்சே."

மகன் முள்ளிலிருந்து கண்ணை எடுத்துச் சாலையைப் பார்த்தான். "அது எப்பவோ நடந்ததும்மா" என்றான்.

சிஸ்டர் ஓரமாக வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. "இறங்கு."

பானெட்டைத் திறந்து பார்க்கத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. முன்னால் போய், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அம்மா உள்ளேயிருந்து கொக்கியை விடுவிப்பாள் என்று குனிந்து நின்றான். பதினொரு மணிக்கு ஒரு கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். சிஸ்டர் ரிவர்ஸ் கியர் போட்டு, அவன் மேல் படாமல் பின்னால் எடுத்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.