நசீமா தேடிய வீடுகள்

நசீமா இறந்த செய்தி ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டில் தங்கிப் படித்த கல்பனா போனில் அழுதபடி, "மிஸ் போயிட்டாங்க மேம், தரங்கம்பாடிக்குக் கொண்டு போறாங்க" என்றாள். மஞ்சள் காமாலை என்றும், பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்றும் பிறகுதான் தெரிந்தது. பதினோரு நாளும் நான் இதே தஞ்சாவூரில்தான் இருந்தேன். எனக்குத் தெரியாது.

எங்களோடு எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர்களுக்கும், அவள் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவளைப் பிடிக்கும். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்பது உங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது.

நாங்கள் சேர்ந்த ஆண்டு விடுதியில் இடமில்லை. வலங்கைமானிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும் என் ஊருக்கு. மாலை லேப் முடிந்து ஓடினால்தான் கடைசி பஸ். நசீமாவுக்குத் தரங்கம்பாடி. இரண்டு பஸ் மாறி வர வேண்டும். இருவரும் சேர்ந்து ஓர் அறை எடுக்கலாம் என்று அவள்தான் சொன்னாள். மெடிக்கல் காலேஜ் பக்கம் கேட்ட வாடகையில் எங்கள் ஊரில் ஒரு குடும்பமே மாதத்தை ஓட்டிவிடும். அதனால் ஊருக்குள் சந்து சந்தாக நடந்தோம். டு-லெட் பலகை தொங்கிய ஒரு வீட்டில், "ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா குடுக்கறது" என்றார் ஒருவர். "நாங்களும் ஃபேமிலியிலேர்ந்துதான் சார் வர்றோம்" என்றாள் நசீமா. தெருமுனை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனோம். ஐந்தாறு வீடு ஆன பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை. அவள் பெயரைச் சொன்னதுமே சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் என் பக்கம் திரும்பி, "வலங்கைமான்னா ஊர்லயா, காலனியா?" என்று கேட்டார்கள். நான் காலனிதான். என் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள்.

கீழவாசல் பக்கம் ஒரு வீட்டில் மாடியறை இருந்தது. வாடகையும் எங்களுக்குக் கட்டும்படியாக இருந்தது. அறையைப் பார்த்துவிட்டு நசீமா முதலில் இறங்கிப் போனாள். வீட்டுக்கார அம்மாள் என்னை நிறுத்தி, "நீ மட்டும்னா நாளைக்கே வா. அந்தப் பொண்ணு வேணாம். ஆமா, ஊர்ல நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டார்.

"மேலத்தெருங்க" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டில் வைத்து நசீமாவிடம் சொன்னேன், தெருவைப் பற்றிய பொய்யை விட்டுவிட்டு. "சரிடி. ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு என்ன ஆகப்போவுது? நீ போ" என்றாள். நானாவது எப்படியாவது ஊருக்குப் போய்வந்திருக்கலாம். அவளால் முடியாது. அது தெரிந்தேதான் போனேன்.

நான்கு மணி நேரம் வர, நான்கு மணி நேரம் போக என்று அவள் பஸ்ஸிலேயே கிடந்தாள். காலையின் முதல் இரண்டு வகுப்புகள் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. வருகைப்பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் போனது. அவளுடைய அத்தா படித்தது போதும் என்று மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடாமல் கிடந்து அதைத் தடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த ஆண்டு ஒரு தையல்காரர் குடும்பம் தங்கள் வீட்டின் பின்னறையைக் கொடுக்க, மறுபடி வந்து சேர்ந்தாள். எங்களுக்கு ஜூனியராக.

பிறகு ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையானாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலேசியாவில் இருந்த ஒருவரின் பழைய வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்து, கல்லூரிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். "யாரு என்னன்னு நான் கேக்க மாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது" என்று வீட்டுக்காரரிடம் போனிலேயே சொல்லிவிட்டாளாம். ஒரே நேரத்தில் ஏழு பேர்கூட அங்கே இருந்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, பாபநாசம் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைக் கொண்டுவந்து விட வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "அண்ணே, உள்ள வாங்க. பொண்ணு இருக்கப்போற எடத்தப் பாக்க வேணாமா?" என்று கூப்பிட்டாள் நசீமா. அவர் உள்ளே வந்தும் அறையைப் பார்க்கவில்லை. கதவின் தாழ்ப்பாளை மட்டும் மூன்று முறை போட்டுப் போட்டுப் பார்த்தார். "நல்லா விழுதுங்க" என்றார். பிறகு திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தார்.

அன்றுதான் கீழவாசலில் நான் சொன்ன பொய்யை அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"அந்தம்மா வேணாம்னது என்னை மட்டுமில்லடி, உன்னையுந்தான். நான் ஒரு வருசத்த விட்டேன், அவ்வளவுதான். நீ ரெண்டு வருசம் அந்த மாடியில பயந்துகிட்டே இருந்திருக்க. எப்படித்தான் படிச்சியோ."

அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

சென்ற ஆடி மாதம் போன் செய்தாள். வீட்டை விற்கிறார்கள், காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றாள். "நாலு பேருக்கு எடம் பாத்துட்டேன். ரெண்டு பேருக்குத்தான் கெடைக்கல. கல்பனாவும் பூம்புகார்ப் பொண்ணு மீனாவும். உன் மாடி சும்மாத்தான கெடக்கு அரசி?"

வல்லம் சாலையில் நாங்கள் வீடு கட்டி மூன்றாண்டு ஆகிறது. மாடி காலியாகத்தான் இருந்தது. "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். "சரிடி, கேட்டுச் சொல்லு" என்றாள். அவள் குரல் களைத்திருந்தது. வெயிலில் அலைந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். என் கணவரிடம் நான் கேட்கவே இல்லை. தண்ணீர், சத்தம், பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்களோ என்று எனக்குள்ளேயே காரணம் அடுக்கி நாளைக் கடத்தினேன். உடம்புக்கு முடியாத நிலையிலும் அவள் அந்த இருவருக்காகத் தெருத் தெருவாக அலைந்திருக்கிறாள்.

தரங்கம்பாடியில் ஜனாஸாவை ஆண்கள் அடக்கத்துக்கு எடுத்துச் சென்ற பிறகு பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். கல்பனாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். மீனா என்றாள் கல்பனா.

"இப்ப எங்கம்மா தங்கியிருக்க?" என்று கேட்டேன்.

"ஊர்லதான் மேம். டி.சி. வாங்கிட்டேன்."

"வேற எடம் கெடைக்கலயா?"

மீனா கல்பனாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கடைசியில ஒரு எடம் வந்துச்சு மேம். கொஞ்சம் தூரம். மிஸ்தான் வேணாம்னாங்க. 'அரசி கேட்டுச் சொல்றேன்னிருக்கா, கண்டிப்பா சொல்லுவா, அங்கதான் பாதுகாப்பு'ன்னாங்க. ஆஸ்பத்திரியில கூட, போன் வந்துச்சான்னு கேட்டாங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க மேம்" என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை.

அன்று இரவே கணவரிடம் சொன்னேன். "இதுக்கு என்னை எதுக்குக் கேக்கணும், வரச் சொல்ல வேண்டியதுதான" என்றார். கல்பனா இப்போது எங்கள் மாடியில் இருக்கிறாள். போன வாரம் பூம்புகாருக்குப் போய் மீனாவின் அப்பாவைப் பார்த்தேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று மரியாதையாகப் பேசினார். ஆனால், "வேலைக்குச் சேத்துவுட்டாச்சுங்க, இனிமே என்னங்க படிப்பு" என்றார். மீனா கம்பெனி வேனில் போய்விட்டிருந்தாள்.

நசீமாவின் புத்தகங்களை அவள் தம்பி எடுத்துக்கொண்டார். பாத்திரங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு முறை தன்னை விட்டுப் போனவள் நான் என்று தெரிந்திருந்தும், அடுத்த முறை வருவேன் என்று கடைசிவரை நம்பினாளே, அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளுடையதாக என்னிடம் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மாடியில் இரண்டு கட்டில் வாங்கிப் போட்டேன். ஒன்று காலியாக இருக்கிறது.