விழுந்தால் சப்போர்ட், விழாவிட்டால் அசிஸ்ட்

எங்கள் ஐயா கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்களில் பலர் வீட்டுக்கு வந்ததும் கோட்டோடு இங்கிலீஷையும் கழற்றி மாட்டிவிடுவார்கள். ஐயாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இரண்டு இங்கிலீஷ் சொல்லுக்கு ஒரே கருத்துத்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் மனுஷனுக்குப் பொறுக்காது. "ஒரே கருத்தெண்டால் வெள்ளைக்காரன் ஏன் ரெண்டு சொல்லு வைச்சிருக்கிறான்?" என்று சண்டைக்கு வருவார். சாப்பாட்டு நேரத்தில் இந்தச் சண்டை வந்தால் குழம்பு ஆறிவிடும் என்பது அம்மாவின் கோபம்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் 'உதவி' என்ற பொருளில் வரும் இங்கிலீஷ் சொற்களை அம்மாவைப் போலச் சரியாகப் பாவித்தவர்கள் கண்டியிலேயே இருந்திருக்க மாட்டார்கள். அது ஒரு மழைக்காலத்தில் தொடங்கியது.

எங்கள் வீடு வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருந்தது. ரோட்டிலிருந்து கருங்கற்படிகளில் ஏறி வரவேண்டும். மழை தொடங்கினால் படியெல்லாம் பாசி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அம்மா அதில் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தபோது எலும்பு பொருந்தியிருந்தது. காலுக்குத்தான் நடை மறந்துபோயிருந்தது.

அம்மாவின் தமையன், எங்கள் மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்க வந்தார். "இந்த மலையிலை இவள் என்னெண்டு சீவிக்கிறது? ஊரிலை படியுமில்லை, பாசியுமில்லை. நான் கூட்டிக்கொண்டு போறன்," என்றார். ஐயாவுக்கு வேலை கண்டியில், எனக்குப் படிப்புக் கண்டியில். அம்மா போனால் குடும்பம் இரண்டாகிவிடும்.

"தை பிறக்க வாங்கோ அண்ணை. ரோட்டிலையிருந்து வீடு வரைக்கும் தனிய ஏறிக் காட்டிறன். ஏறாட்டில் உங்களோடை வாறன்," என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாளே ஐயா பாடத்தைத் தொடங்கினார். அம்மாவைப் பிடிக்கிற ஒவ்வொரு பிடிக்கும் ஒரு சொல். அம்மா ஊன்றுகிற கொய்யாத்தடி 'எயிட்'. அது கைக்குக் கிடைக்கிற பொருள், அதற்கு அன்பு பாசம் ஒன்றும் தேவையில்லை. படிகளின் நடுவில் உட்காரப் போட்ட கதிரை 'ரிலீஃப்'. கஷ்டத்தைத் தீர்க்காது, கொஞ்ச நேரம் ஆற்றும். இடுப்பைச் சுற்றிப் பிடித்து அம்மாவின் பாரத்தை நாங்கள் வாங்கிக்கொண்டால் 'சப்போர்ட்'. முழங்கையில் விரலை வைத்துக்கொண்டு கூடப் போனால் 'அசிஸ்ட்', அதாவது நடக்கிற வேலை அம்மாவுடையது, எங்களுக்கு அதில் ஒரு சின்னப் பங்கு. 'ஹெல்ப்' எல்லாவற்றுக்கும் பொது. ஆற்றில் விழுந்தவன் அதைத்தான் கத்த வேண்டும், 'அசிஸ்ட்' என்று கத்தினால் சனம் திரும்பியும் பாராது என்பார்.

"சந்தேகமெண்டால் கையை விட்டுப் பார். விழுந்தால் சப்போர்ட், விழாவிட்டால் அசிஸ்ட்," என்று எனக்கு விளக்கினார்.

"விட்டுப் பாக்கிறது என்ரை காலிலைதானே," என்று அம்மா முறைத்தார். "தமிழிலை கைகுடுத்துத் தாங்கிறதுக்குக் கைலாகு எண்டு ஒரு சொல் இருக்கு. அதுக்கு இவ்வளவு கதை தேவையில்லை."

முறைத்தாலும் சொற்கள் ஒட்டிக்கொண்டன. விடிந்ததும் கட்டிலிலிருந்து, "பிள்ளை, சப்போர்ட்!" என்று குரல் வரும். ஓடிப்போய் இடுப்பைப் பிடிப்பேன். வாவியில் பனிப்புகார் கலைய முன்பே மூன்று பேரும் படியில் நிற்போம். ஐயா இடுப்பில் கட்டின சாரத்தோடு குடையைப் பிடித்துக்கொண்டு, தானும் ஒவ்வொரு படியாக மூச்சு வாங்குவார். கார்த்திகை போவதற்குள் அம்மா, "சப்போர்ட் வேண்டாம், அசிஸ்ட் காணும்," என்று சொல்லத் தொடங்கினார். மார்கழியில் என் விரலையும் தட்டிவிட்டார். அம்மா கால் முறிந்து கிடந்த காலத்தை என் வாழ்க்கையின் நல்ல காலம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலைகளைப் போல நாங்கள் மூவரும் ஒன்றாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சொன்னபடி தையில் மாமா வந்தார். அம்மா ரோட்டிலிருந்து ஏறத் தொடங்கினார். மாமா மேலே நின்று பார்த்தார், ஐயாவும் நானும் பின்னால் வந்தோம். பாதிக்கு மேல் நன்றாகவே ஏறிய அம்மா, மூச்சு வாங்க ஓரிடத்தில் நின்றார். ஐயாவுக்கு என்ன தோன்றியதோ, பாய்ந்து போய் அம்மாவை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிவிட்டார்.

"ஐயோ, விடுங்கோ! நான் விழேல்லை! மூச்செடுக்கத்தான் நிண்டனான்!"

மாமா இறங்கி வந்தார். "மச்சான், இவள் விழுவாள் எண்டு உமக்கே தெரியுது. பிறகென்ன கதை?" என்றார்.

ஐயா அம்மாவை மெதுவாகப் படியில் இறக்கிவிட்டார். எத்தனையோ சொல் தெரிந்த மனுஷன் அன்றைக்கு ஒன்றும் அகப்படாமல் நின்றதைப் பார்க்க எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா இன்னொருமுறை ஏறிக் காட்டுகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. மாமா சொன்னதைவிட, ஐயா நம்பவில்லை என்பதுதான் அம்மாவைச் சுட்டது. உள்ளே போய்ப் பெட்டியை அடுக்கினார்.

மறுநாள் இரண்டு ரிக்‌ஷாவில் ஸ்டேஷனுக்குப் போனோம். மாமா பெட்டியோடு முதலில் ஏறி, கையை நீட்டினார். அம்மா அதைப் பிடிக்கவில்லை. ரயிலின் மிதிபலகை எங்கள் வீட்டுப் படியைவிட நல்ல உயரம். ஐயா முன்னால் வந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய விரல்கள் ஒன்றையொன்று நெரிப்பதை நான் பின்னால் நின்று பார்த்தேன். அம்மா கம்பியைப் பிடித்து, நல்ல காலை வைத்து, மற்றக் காலை இழுத்து, தானாக ஏறிவிட்டார்.

ஏறி வாசலிலேயே நின்று மூச்செடுத்தார். ஐயா அசையவில்லை.

"பாத்தியளே அண்ணை?" என்றார் அம்மா, மாமாவைத் திரும்பிப் பாராமலே. பிறகு ஐயாவிடம், "ஏறிறதுக்கு ஆரும் வேண்டாம். இறங்கத்தான் வேணும். வாங்கோ, கையைத் தாங்கோ," என்றார்.

விசில் ஊதியது. ஐயா கையைக் கொடுத்து இறக்கினார். வண்டி நகர்ந்தபோது, "பெட்டி! பெட்டி!" என்று நான் கத்தினேன். அம்மாவின் சேலையெல்லாம் அதற்குள் இருந்தது. ஜன்னலில் மாமா வாயைத் திறந்தபடி போய்க்கொண்டிருந்தார்.

"போகட்டும் விடு," என்றார் அம்மா. ஐயாவின் கையை மட்டும் விடவில்லை.