பெட்டியில் வைத்த கிராம்பு

பினாங்கு போகப் பெட்டி அடுக்கும்போது, பூச்சி வராமலிருக்க மனைவி துணிகளுக்கிடையே கிராம்பு வைத்தாள். அந்த வாசனை எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

மட்டாஞ்சேரி கிராம்புக் கிடங்கில் மூட்டை தூக்கிய அப்பாவின் மேல் இதே வாசனைதான். ஒவ்வொரு ஓணம் லீவுக்கும் கன்னியாகுமரி போகலாம் என்பார். அம்மா புளிச்சோறு கட்டி முடிக்கும்போது முதலாளியின் ஆள் வாசலில் நிற்பான்.

“சேட்டா, லோடு வந்நு,” என்று மலையாளத்தில் கூப்பிடுவான்.

அப்பா உடனே நல்ல சட்டையைக் கழற்றிவிடுவார். “கடல் எங்கடா ஓடிடப்போகுது?”

புதுத்துணியோடு அந்தச் சோற்றை வீட்டிலேயே தின்போம்.

போன் அடித்தது. என் மேனேஜர். “லீவை அடுத்த வாரத்துக்கு மாத்திக்க முடியுமா?”

“முடியாது!” என்று கத்தினேன். “லோடு வந்தப்ப ஒருதடவையாவது முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?”

மனைவி என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். “அவரு எப்பவோ வெச்சிட்டாரு. யாரத் திட்டுறீங்க?”